உராய்வு மட்டும்தான் குற்றவாளியா?

விருதுநகர் மாவட்டத்தில் பேப்பர் படிக்கிறவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம். மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து நிகழ்ந்தது. ஊர்ப் பெயர் மாறும், தேதி மாறும், இறந்தவர்கள் எண்ணிக்கை மாறும். இந்த வாக்கியம் மட்டும் மாறாது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும் இதுதான், இன்றைக்கும் இதுதான்.

எனக்குச் சோறு போடுவது மென்பொருள். எங்கள் வேலையில் ஒரு சர்வர் படுத்துவிட்டால், எழுப்பி விட்டதோடு முடியாது. மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுத வேண்டும். அதில் "டிஸ்க் நிறைந்துவிட்டது" என்று எழுதினால் மேலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். "அது கடைசியா நடந்தது. அது நிறையுற வரைக்கும் யாருக்கும் ஏன் தெரியல? தெரிஞ்சிருந்தா ஏன் ஒண்ணும் செய்யல?" என்றுதான் கேட்பார். கடைசிப் பொறி வேறு, காரணம் வேறு. எங்கள் தொழிலில் ஒரு இணையதளம் பத்து நிமிடம் நின்றதற்கு இவ்வளவு கேள்வி. எங்கள் மாவட்டத்தில் பத்து பேர் செத்தால் "உராய்வு" என்று ஒரே சொல்லில் கோப்பு முடிகிறது. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சில வருடங்களாக வாசித்து வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

உராய்வு பொய்யா?

பொய் இல்லை. பட்டாசு மருந்து என்பது எரிபொருளையும், அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் உப்பையும் ஒன்றாகக் கலந்தது. அலுமினியப் பொடியும் கந்தகமும் எரிபொருள். பொட்டாசியம் நைட்ரேட் போன்றவை ஆக்சிஜன் தருபவை. தனித்தனியாக இருக்கும்போது ஓரளவு சாது. கலந்த பிறகு ஒரு தீப்பொறி, ஒரு அடி, ஒரு அழுத்தமான தேய்ப்பு போதும். கந்தகத்தையும் குளோரேட் உப்பையும் சேர்த்தால் இன்னும் மோசம். லேசாக உரசினாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் கலவைக்கு 1992-லேயே மத்திய அரசு தடை போட்டது. நைட்ரேட்டும் அலுமினியமும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடாகும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, உராய்வு எப்போதும் இருக்கும். மனிதக் கை வேலை செய்கிற இடத்தில் உரசல் இல்லாமல் இருக்காது. இது தெரிந்துதான் விதிகளே எழுதப்பட்டிருக்கின்றன. மருந்து கலக்கும் அறை தனி, அடைக்கும் அறை தனி. ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. ஒவ்வொரு அறைக்கும் நடுவே இடைவெளி வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். மரத்தடியிலும் வராந்தாவிலும் வேலை கூடாது. கையில் இருக்கும் மருந்து அளவோடுதான் இருக்க வேண்டும். இந்த விதிகள் எதுவும் "உராய்வு வராது" என்று நம்பவில்லை. வந்தே தீரும், வந்தால் ஒரு அறையோடு போகட்டும் என்று கணக்குப் போட்டவை. எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு பாகம் விழுந்தால் மொத்தமும் விழாமல் இருக்க நடுவே தடுப்பு வைப்பது.

அப்படியென்றால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு அறையில் உராய்வு வந்தது, சரி. பத்து பேர் எப்படிச் செத்தார்கள்? பக்கத்து அறை ஏன் இடிந்தது? நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு உராய்வு பதில் சொல்லாது.

2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் 13 பேர் இறந்தார்கள். அன்றைய செய்திகளின்படி, வாங்க வந்தவர்களுக்காகப் பட்டாசை வெடித்துக் காட்டும்போது தீப்பொறி பறந்து அங்கிருந்த சரக்கில் விழுந்திருக்கிறது. அங்கே உராய்வுகூட இல்லை. ஆனால் சரக்கு குவிந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெடித்துப் பார்ப்பதும், அந்த இடத்தில் அத்தனை பேர் இருப்பதும் எப்படிச் சாத்தியமாயிற்று என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

தீபாவளி அவசரம் என்ற சமாதானம்

உராய்வுக்கு அடுத்தபடியாக எல்லோரும் சொல்வது தீபாவளி அவசரம். சரக்கு அனுப்ப நேரம் இல்லை, ஆட்களை விரட்டுகிறார்கள், அதனால் விபத்து. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பீஸ் ரேட் கூலியில் எவ்வளவு செய்கிறோமோ அவ்வளவுதான் காசு என்பதால் தொழிலாளியும் தன்னைத் தானே விரட்டிக்கொள்கிறார்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். முதலிப்பட்டி, 2012 செப்டம்பர் 5. அச்சங்குளம், 2021 பிப்ரவரி 12. ராமுத்தேவன்பட்டி, 2024 பிப்ரவரி 17, 10 பேர் பலி. செங்கமலப்பட்டி, 2024 மே 9. பொம்மையாபுரம், 2025 ஜனவரி 4, 6 பேர் பலி. சின்னக்காமன்பட்டி, 2025 ஜூலை 1. தை, மாசி, சித்திரை, ஆனி என்று எல்லா மாதமும் இருக்கிறது. தீபாவளி மட்டும் காரணம் என்றால் பொங்கலுக்கு முன்னும் மாசியிலும் ஏன் சாவு விழுகிறது?

முதலிப்பட்டி சொல்லும் பாடம்

2012 செப்டம்பர் 5, மதிய நேரம். சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் 38 பேர் இறந்ததாக அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. இறந்தவர்களில் நிறைய பேர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஓடிவந்தவர்கள். பிறகு பெரிய வெடிப்பு நடந்தது.

இதில் என்னை உலுக்கியது வேறு ஒரு விவரம். விபத்துக்குச் சில நாள் முன்புதான் அந்த ஆலையில் அதிகாரிகள் ஆய்வு செய்து, விதிமீறல்களைக் கண்டு, உரிமத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று செய்தி வந்தது. அதாவது அதிகாரிகளுக்குத் தெரியாமல் நடந்த விபத்து இல்லை. ஆய்வு நடந்திருக்கிறது, தப்பு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, உத்தரவும் போடப்பட்டிருக்கிறது. காகிதத்தில் ஆலை மூடியாகிவிட்டது. தரையில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வேலையில் ஒருவருடைய அனுமதியை ரத்து செய்தால், அடுத்த நொடி அவரால் உள்ளே நுழைய முடியாது. ரத்து என்றால் கதவு மூடிக்கொள்ள வேண்டும். இங்கே ரத்து என்பது ஒரு கடிதம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாசலில் பூட்டுப் போட்டு சீல் வைக்க வேண்டியது யார்? இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை என்பதுதான் எங்கள் மாவட்டத்தின் நிர்வாகப் பிரச்சினை.

மூன்று லைசென்ஸ், நாலைந்து துறை

எங்கள் பக்கம் ஆலைகளை லைசென்ஸை வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள். டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, ஒரே நேரத்தில் 15 கிலோ வரைக்கும் வைத்துத் தயாரிக்கிற சிறிய ஆலைக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் கொடுக்கலாம். 500 கிலோ வரைக்கும் வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரி. அதற்கு மேல் போனால் நாக்பூரில் இருக்கும் தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரி. இந்தத் துறைக்குப் பெயர் பெசோ. மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின் கீழ் வருவது. சிவகாசியிலேயே அதற்கு அலுவலகம் உண்டு.

உரிமம் கொடுப்பது ஒருவர். தொழிலாளர் பாதுகாப்பைப் பார்ப்பது மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஆட்சேபணை இல்லை என்று சான்று கொடுப்பது வருவாய்த்துறை. தீத்தடுப்பு பார்ப்பது தீயணைப்புத் துறை. வெடித்த பிறகு வழக்குப் பதிவது காவல்துறை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கிற மாவட்டத்தில் இத்தனை துறைகள் இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஐந்து பேர் பாதுகாக்கிற வீட்டில் திருடு போனால், "நான் இல்ல, அவர்தான் பாத்திருக்கணும்" என்று ஐந்து பேரும் சொல்லலாம். மத்திய அரசு லைசென்ஸ் கொடுத்த ஆலையில் மாநிலத் துறை தலையிடத் தயங்கும். மாநிலத் துறை கண்ட தப்பு மத்தியத் துறையின் கோப்புக்கு உடனே போய்ச் சேரும் என்று உறுதி இல்லை.

இதற்கு மேல் குத்தகை. வெடிபொருள் உரிமம் கைமாற்றக் கூடாதது. இன்னாருக்கு, இந்த இடத்தில், இந்த அளவுக்கு என்று கொடுக்கப்படுவது. அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு வெளிவந்த விவரம் என்ன? உரிமம் ஒருவர் பெயரில். ஆலை இன்னொருவருக்குக் குத்தகை. அதற்குள்ளே அறைகள் வேறு வேறு ஆட்களுக்கு உள்குத்தகை. ஒரே வளாகத்துக்குள் பல முதலாளிகள், ஒவ்வொருவரும் தன் சரக்கு, தன் ஆட்கள் என்று ஓட்டினால், மொத்த மருந்து எவ்வளவு, மொத்த ஆள் எத்தனை என்று யாருக்குமே தெரியாது. நான்கு பேர் அறை, அளவுக் கட்டுப்பாடு எல்லாம் அங்கே அர்த்தமே இல்லாமல் போகிறது.

உள்குத்தகை ரகசியமாக நடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. எந்த ஆலை யார் கையில் இருக்கிறது என்று டீக்கடையில் தெரியும், ஆட்களை ஏற்றிப் போகிற வேன் டிரைவருக்குத் தெரியும். அரசுக்கு மட்டும் விபத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

குற்றத்தின் விலை

சரி, வெடித்துவிட்டது. வழக்குப் பதிகிறார்கள். போர்மேனையோ மேலாளரையோ கைது செய்கிறார்கள். உரிமையாளர் தலைமறைவு என்று செய்தி வரும். அதற்குப் பிறகு?

1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இன்னமும் நடப்பில் இருக்கிறது. அதன் 9பி பிரிவின்படி, விதியை மீறி வெடிபொருள் தயாரித்தால் அதிகபட்சம் மூன்று வருடச் சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விதியை மீறி வைத்திருந்தாலோ விற்றாலோ இரண்டு வருடம், அல்லது 3,000 ரூபாய். மற்ற மீறல்களுக்கு 1,000 ரூபாய் அபராதம், அவ்வளவுதான். ஹெல்மெட் போடாமல் பிடிபட்டால் கட்டுகிற தொகையும் அதே 1,000. இந்தத் தொகையைப் பெரிதாக உயர்த்தும் மசோதா வரைவை மத்திய அரசு 2024-ல் வெளியிட்டது.

கவனக்குறைவால் மரணம் என்ற பழைய 304ஏ பிரிவுக்கு அதிகபட்சம் இரண்டு வருடம். ஜாமீனில் வரக்கூடியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு இதை ஐந்து வருடமாக்கியிருக்கிறது. "இப்படிச் செய்தால் ஆள் சாவார்கள் என்று தெரிந்தே செய்தார்" என்று நிரூபித்தால் பத்து வருடம் வரை போகலாம். அதை நிரூபிக்க என்ன வேண்டும்? முன்பே வந்த ஆய்வு அறிக்கை, எச்சரிக்கைக் கடிதம், உரிமம் நிறுத்திய உத்தரவு, உள்குத்தகை ஒப்பந்தம், வருகைப் பதிவேடு. எல்லாமே வேறு வேறு அலுவலகங்களில் இருக்கும் காகிதங்கள். காவல் ஆய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாகத் திரட்டி நீதிமன்றத்தில் வைத்தால்தான் அது "தெரிந்தே செய்த குற்றம்". இல்லையென்றால் மறுபடியும் உராய்வு.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தில் இன்னொரு முடிச்சு. அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட ஆய்வாளர் புகார் கொடுத்தால்தான் முடிந்தது. குற்றம் தன் கவனத்துக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. இறந்தவரின் பிள்ளை நேரே போய் அந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாமல் இருந்தது. 1908-ஆம் ஆண்டு வெடிபொருட்கள் குற்றச் சட்டத்தில் விசாரணை நடக்க மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு கதவும் ஏதோ ஒரு அலுவலகத்தின் சாவியில்தான் திறக்கிறது. அந்த அலுவலகங்கள் எவை? உரிமம் கொடுத்த, ஆய்வு செய்த, செய்யாமல் விட்ட அதே அலுவலகங்கள்தான். ஆலையின் குற்றத்தை முழுதாக நிரூபித்தால், தன் கவனக்குறைவும் சேர்ந்து வெளியே வரும். எந்த அதிகாரியும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அமைப்பே அப்படி இருக்கிறது என்கிறேன்.

பிணவறை வாசலில் ஒரு பேரம்

இதை எழுத ஒரு சொந்தக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு அக்கா பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காலையில் வேன் வந்து ஏற்றிப் போகும். ஒருநாள் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் பெண்கள் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். திசையை வைத்தே யார் வீட்டுக்கு ஓடுவது என்று தெரிந்துவிடும்.

மறுநாள் பிணவறை வாசலில் பேரம் நடந்தது. உறவுக்காரர்கள் உடலை வாங்க மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். ஆலைத் தரப்பு ஒரு தொகை சொன்னது, ஊர்ப் பெரியவர்கள் கொஞ்சம் ஏற்றிப் பேசினார்கள், காவல்துறை "சீக்கிரம் முடிங்க" என்றது. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இனி இது சம்பந்தமாக எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை. படிக்கிற நிலையிலும் இல்லை.

மூன்று வருடம் கழித்து அக்காவின் தம்பி என்னிடம், "நீ கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துச் சொல்லுப்பா, சட்டப்படி எவ்வளவு வரணும்?" என்று கேட்டார். அப்போதுதான் 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். மூன்று விஷயம் தெரிந்தது.

ஒன்று, இழப்பீடு பேரம் பேசுகிற தொகை இல்லை. கணக்குப் போடுகிற தொகை. மாதக் கூலியில் பாதியை, வயதுக்கென்று சட்டத்தின் அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 12,000 ரூபாய் கூலி என்றால், 6,000 பெருக்கல் 184.17. ஆக 11,05,020 ரூபாய். 2020 ஜனவரியிலிருந்து கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் கூலி உச்சவரம்பு 15,000. முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து வரும் தொகை, 2025-ல் அறிவித்த 4 லட்சம் போன்றது, அரசு கொடுப்பது. அதை இதில் கழிக்கக் கூடாது. முதலாளி கொடுக்க வேண்டியது தனி.

இரண்டு, மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. ஆணையரிடம் கட்ட வேண்டும், அவர் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். இது 8-வது பிரிவு. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது. இது 17-வது பிரிவு. அந்தப் பிணவறைக் காகிதத்துக்குச் சட்டத்தின் முன் மதிப்பே இல்லை. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டியும், மேற்கொண்டு அபராதமும் உண்டு. குத்தகைக்காரரின் ஆள் என்று சொல்லி முதன்மை முதலாளி கைகழுவவும் முடியாது.

மூன்று, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் ஏற்கலாம். இதைச் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "விடுப்பா, அதே ஆலைக்குத்தான் இப்ப என் வீட்டுக்காரி போறா" என்றார். அதோடு முடிந்தது.

இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யப்பட்ட தொழிலாளி என்றால் கணக்கு வேறு. மேலே சொன்ன மொத்தத் தொகைக்குப் பதில், சராசரிக் கூலியில் 90 சதவீதம் சார்ந்தோர் உதவியாக மாதாமாதம் குடும்பத்துக்குப் பிரித்து வரும். அதனால் பதிவு இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்கள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. நான் மேலே பட்டியலிட்ட விபத்துகள் எல்லாம் அதற்கு முந்தையவை.

அச்சங்குளம் வழக்கைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே எடுத்தது. முன்னாள் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு போட்டு விசாரித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. பிணவறை வாசலில் பேசப்படும் தொகையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயிரின் விலை மாறவில்லை. கேட்ட இடம்தான் மாறியது.

ஊராட்சி எங்கே?

ஆலை இருப்பது ஏதோ ஒரு கிராம ஊராட்சிக்குள்தான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி ஊராட்சி எல்லைக்குள் தொழிற்சாலை கட்டவும் இயந்திரம் வைக்கவும் அனுமதி வேண்டும். ஆனால் நடைமுறையில் ஊராட்சிக்கு அந்த ஆலை ஒரு வரி ரசீது மட்டுமே. வெடித்தால் முதலில் ஓடுவது அந்த ஊர்க்காரர்கள். முதலிப்பட்டியில் அப்படி ஓடியவர்கள்தான் நிறைய செத்தார்கள். உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது, எத்தனை அறை, லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, நிறுத்தப்பட்டதா என்று அந்த ஊருக்குச் சொல்ல யாருக்கும் கடமை இருப்பதாகத் தெரியவில்லை.

இப்போது அதுவும் இல்லை. விருதுநகர் உட்பட பெரும்பாலான மாவட்டங்களில் 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கையில் நிர்வாகம் போனது. பொம்மையாபுரத்தில் 6 பேர் செத்த மறுநாள் அது. அதற்குப் பிறகு சின்னக்காமன்பட்டியில் வெடித்தபோது, மக்கள் சட்டையைப் பிடித்துக் கேட்க ஓட்டுப் போட்ட தலைவர் ஒருவர்கூட ஊராட்சியில் இல்லை.

மூடிவிட்டால் சரியாகுமா?

இப்படி எழுதினால் "நீ பெங்களூர்ல ஏசில உக்காந்துக்கிட்டு எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபம்தான். கந்தக பூமி, மழை இல்லை, விவசாயம் இல்லை. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும்தான் மூன்று தலைமுறையாகச் சோறு போட்டது. ஆலையை மூடினால் வேலை நிற்காது, வீட்டுக்குள் போய்விடும். லைசென்ஸ் இல்லாத வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் மருந்து வைத்துத் திரி சொருகுவது இன்னும் ஆபத்து. 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தபோது முறையாகத் தொழில் செய்கிறவர்களும் சேர்த்து அடிபட்டார்கள் என்பதையும் மறுக்க முடியாது. ஒழுங்காக நடத்துகிற ஆலைக்காரருக்குத்தான் உள்குத்தகைக்காரர்களால் பெரிய நஷ்டம். விதிப்படி செலவு செய்பவர் விலையில் தோற்கிறார்.

மாற்றவே முடியாது என்பதையும் நான் ஏற்கவில்லை. இதே மண்ணில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 1991-ல் மீனம்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 39 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. உச்ச நீதிமன்றம் அதைக் கையில் எடுத்தது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் வந்த தீர்ப்பு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. பிறகு தொடர்ந்து ஆய்வு, பள்ளிக்கூடம், சத்துணவு, தொண்டு நிறுவனங்களின் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தன. என் வயதுக்காரர்கள் சிலர் காலையில் ஆலை பஸ்ஸில் போனதைப் பார்த்தவன் நான். இன்று அந்தக் காட்சி இல்லை. செலவு நேராக முதலாளி கணக்கில் ஏறியது, கண்காணிப்பு ஒரு மாதத்தோடு நிற்கவில்லை. அதனால் மாறியது.

வெளியே ஒரு உதாரணம். நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்ற ஊரில் 2000 மே 13 அன்று பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தார்கள். அங்கே போட்ட விசாரணைக் குழு கிடங்குக்காரர்களோடு நிறுத்தவில்லை. குடியிருப்புக்கு நடுவே அந்த உரிமத்தைக் கொடுத்தது யார், விதிமீறலைக் கண்டும் விட்டது எந்த அலுவலகம் என்று நகராட்சியையும் மத்திய அரசுத் துறைகளையும் பெயர் சொல்லிக் குறை கூறியது. அந்த அறிக்கை மறு வருடமே மக்கள் முன் வந்தது.

கேட்க வேண்டியவை

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். ஏற்கனவே இருக்கும் காகிதங்களை வெளியே வைத்தாலே போதும்.

ஒவ்வொரு ஆலையின் உரிம நிலையும், அனுமதித்த அளவும், கடைசி ஆய்வு தேதியும் ஆலை வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். உரிமம் நிறுத்தப்பட்டால் அன்றே வாசலில் சீல், அன்றே ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல். எந்தத் துறை பார்த்தாலும் எல்லாத் துறையும் பார்க்கும்படி ஒரே ஆய்வுப் பதிவேடு. உயிர்ச்சேதம் நடந்தால் வெடிபொருள் சட்டத்தின் 9-வது பிரிவின்படி மாவட்ட நிர்வாகம் விசாரணை நடத்த வேண்டும். அந்த அறிக்கை கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். பிணவறை வாசலுக்கு ஆலைத் தரப்பு வருவதற்கு முன் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் வந்து, சட்டப்படி எவ்வளவு, யாரிடம் மனு என்று ஒரு துண்டுச்சீட்டாவது கொடுக்க வேண்டும்.

படிக்கிற உங்களாலும் ஒன்று முடியும். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சில வகை வழக்குகள் தவிர, முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பின் அதன் ஒவ்வொரு வாய்தாவையும் இ-கோர்ட்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் ஒரு எக்செல் தாள் வைத்திருக்கிறேன். தேதி, ஊர், இறந்தவர்கள், அறிவித்த நிவாரணம். இந்த நான்கு கட்டமும் மறுநாள் பேப்பரிலேயே நிரம்பிவிடும். அடுத்த மூன்று கட்டம், குற்றப்பத்திரிகை போட்ட நாள், தீர்ப்பு, ஆணையர் மூலம் குடும்பத்துக்குப் போன தொகை. இந்த மூன்றையும் எந்தப் பேப்பரும் எனக்கு நிரப்பிக் கொடுப்பதில்லை. உங்கள் ஊர் விபத்து ஒன்றை எடுத்து அந்த மூன்று கட்டத்தை மட்டும் தேடிப் பாருங்கள். ஒரு தகவல் உரிமை மனு, பத்து ரூபாய்.

அக்கா வீட்டு மாடியிலிருந்து இன்றும் புகை தெரியும் தூரத்தில்தான் அந்த ஆலை இருக்கிறது. காலையில் வேன் வருகிறது. தம்பியின் மனைவி ஏறிப் போகிறார். அவர் பெயர் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறதா என்று போன முறை ஊருக்குப் போனபோது கேட்டேன். "கார்டு தாரோம்னு சொல்லியிருக்காங்கண்ணே" என்றார். அடுத்த முறையும் கேட்பேன்.